கோல்ஃப் புதிதாகக் கற்பவர் முதலில் கோச்சிடம் போக வேண்டுமா, தனியாகப் பழகலாமா? ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டிங்கை, அதாவது குழிக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் போடுவதை, இன்றைக்கே தனியாகத் தொடங்கலாம். கிளப்பை (கோல்ஃப் மட்டையை) முழுதாக வீசித் தூரத்துக்கு அடிக்கும் முழு ஸ்விங்கைத் தனியாகத் தொடங்க வேண்டாம். என் பதில் இவ்வளவுதான். ஏன் அப்படி, எந்த வரிசையில் போக வேண்டும், கோச்சிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும், தனியாக இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

"கொஞ்ச நாள் நாமே அடித்துப் பழகுவோம், பந்து ஒழுங்காகப் பறக்க ஆரம்பித்ததும் கோச்சிடம் போகலாம்" என்று நினைப்பவர்களே அதிகம். தெரியாதவர் முன்னால் பந்தைத் தவறவிடும் கூச்சம் ஒரு காரணம். செலவு இன்னொன்று. கிரிக்கெட்டைத் தெருவில் நாமாகத்தானே கற்றோம் என்கிற நம்பிக்கை மூன்றாவது. ஆளைக் கவிழ்ப்பது இந்த மூன்றாவதுதான். தெருவில் எதிரே ஒருவன் பந்து போடுகிறான். தப்பாக ஆடினால் அவுட், உடனே பேட் கைமாறிவிடும். கோல்ஃபில் பந்து சும்மா கிடக்கிறது. எப்படி அடித்தாலும் எங்கேயோ போகிறது. பத்தில் ஒன்று அருமையாகவும் போய்விடுகிறது. அந்த ஒன்றின் சந்தோஷத்தில் மற்ற ஒன்பது அடியின் பழக்கத்தையும் உடம்பு ஏற்றுக்கொள்கிறது.

தானாகக் கற்ற சாம்பியன்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். பபா வாட்சன் முறையாக யாரிடமும் பாடம் எடுத்ததில்லை. 2012-லும் 2014-லும் மாஸ்டர்ஸ் வென்றார், 'மேஜர்' எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் அது ஒன்று. லீ ட்ரெவினோ தானாகக் கற்று ஆறு மேஜர் பட்டங்கள் எடுத்தவர். கால்வின் பீட் இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் கிளப்பையே தொட்டார். சிறுவயதில் முறிந்து சரியாகக் கூடாத இடது கையை வைத்துக்கொண்டு அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் 12 பட்டங்கள் வென்றார். இந்தியாவிலும் உண்டு. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக (ஆட்டக்காரரின் பையைச் சுமப்பவராக) வளர்ந்த அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூரின் முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான். அவர் அதே பட்டத்தை 2009-ல் வென்றார்.

இவர்களை உதாரணம் காட்டித்தான் பலர் கோச் வேண்டாம் என்கிறார்கள். கேடிகளின் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அவர்கள் கோச் இல்லாமல் கற்றார்களே தவிர, தனியாகக் கற்கவில்லை. நாள் முழுக்கப் பை சுமந்துகொண்டு, நல்ல ஆட்டக்காரரும் மோசமான ஆட்டக்காரரும் அடிக்கும் நூற்றுக்கணக்கான ஷாட்களைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவர்கள். எந்த ஸ்விங்கில் பந்து எங்கே விழுந்தது என்பதை நடந்து போய்ப் பார்த்தவர்கள். ஃபில் மிக்கெல்சன் இன்னொரு வகை. எழுதுவது, எறிவது எல்லாம் வலது கையில். ஆனால் அப்பாவுக்கு எதிரே நின்று கண்ணாடி பார்ப்பதுபோல அவரை அப்படியே செய்ததில் இடது கை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். ஜிம் ஃபியூரிக்குக் கடைசிவரை ஒரே கோச், அவருடைய அப்பா. முப்பத்தைந்து வயதில், அலுவலகம் முடிந்து, வாரத்துக்கு இரண்டு நாள் ரேஞ்சில் (அடித்துப் பழகும் திடலில்) செயற்கைப் புல் பாய்மேல் நின்று அடிக்கும் நமக்கு அந்தக் கண்ணும் இல்லை, அந்த நேரமும் இல்லை. அந்தக் கண்ணைத்தான் கோச்சிடம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

சில நாடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஜெர்மனியில் 'ப்ளாட்ஸ்ரைஃபே' என்ற தகுதிச் சான்று இல்லாமல் பெரும்பாலான மைதானங்களில் இறங்க முடியாது. அதற்கு விதிகளிலும் ஆட்டத்திலும் தேர்வு உண்டு. ஸ்வீடனில் பச்சை அட்டை முறை இருக்கிறது. அங்கே வசிக்கும் தமிழர்கள் பாடம் எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பந்து உண்மை சொல்லாது

முழு ஸ்விங்கைத் தனியாகத் தொடங்க வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு முக்கியக் காரணம் ஸ்லைஸ், அதாவது வலது கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து போவது. அதை மட்டும் விளக்கினால் போதும், மற்றவை தானாகப் புரியும்.

வலது கை ஆட்டக்காரர் ஒருவர் டிரைவரை, அதாவது அதிக தூரம் அடிப்பதற்கான கிளப்பை, எடுத்து அடிக்கிறார். பந்து நடுவில் கிளம்பி வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போகிறது. கோச் இல்லாதவர் என்ன செய்வார்? கொஞ்சம் இடப்பக்கம் குறிவைப்பார். யார் சொல்லியும் இல்லை, புத்தி அப்படித்தான் சொல்லும். பாதமும் தோளும் இடப்பக்கம் திரும்புகின்றன. இப்போது கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. கிளப்பின் முகம் மட்டும் பழைய இலக்கைப் பார்த்தபடி நிற்கிறது. பந்து முன்பைவிட அதிகமாக வலப்பக்கம் வளைகிறது. அவர் இன்னும் இடப்பக்கம் திரும்புகிறார். இப்படியே ஆறு மாதம் போனால் ஸ்விங் என்பதே அந்த வெட்டுதான் என்று உடம்பு முடிவு கட்டிவிடும்.

இதில் நடப்பது எளிது. பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் கிளப் முகம் பார்க்கும் திசை. முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள கோணமே வளைவைக் கொடுக்கிறது. முகம் பாதையைவிட வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும். அடிபடும் கணம் என்பது ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் உணரவும் முடியாது. ரேடார் கருவிகள் பரவலாக வரும்வரை, பந்து கிளம்பும் திசையைப் பாதைதான் தீர்மானிக்கிறது என்று கோச்சுகளே சொல்லிக்கொடுத்து வந்தார்கள். அவர்களுக்கே அப்படி என்றால், பந்து போன இடத்தைப் பார்த்து நாமே காரணம் கண்டுபிடிப்போம் என்பது ரொம்ப ஆசை.

ரேஞ்சில் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பந்தின் தலையில் பட்டுத் தரையோடு உருண்டதும் பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: "தலையைத் தூக்காதீங்க சார்." பந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தலை தூக்கியதால்தான் இப்படி ஆனது என்பது அவர் கணக்கு. புதிதாக ஆடுபவர் பெரும்பாலும் டாப் செய்வது (இப்படிப் பந்தின் தலையில் அடிப்பது) வேறு காரணத்தால். பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்று எடையைப் பின்காலில் வைத்துக்கொள்வார், முழங்கையை மடக்குவார், இடுப்பை நிமிர்த்துவார். பந்தை எழுப்புவது கிளப் முகத்தின் சாய்வு. நாம் எழுப்ப வேண்டியதில்லை. இது தெரியாமல் தலையை மட்டும் சிமெண்ட் போட்டதுபோல் பிடித்துக்கொண்டால் உடம்பு திரும்புவதும் நின்றுவிடும், டாப்பும் போகாது. சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

முதல் படி: கோச்சைத் தேடும் முன்பே பட்டரை (பட்டிங்குக்கான கிளப்பை) எடுங்கள்

பார் 72 மைதானம் (மொத்தம் 72 அடியில் முடிக்க வேண்டும் என்று கணக்கிட்ட மைதானம்) என்றால் 18 குழிகளுக்கும் குழிக்கு இரண்டு பட் வீதம் 36 பட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பாதி ஆட்டம். இந்தப் பாதிக்குத் தனிப் பயிற்சி நன்றாகவே பலன் தரும், ஏனென்றால் இங்கே பந்து பொய் சொல்வதில்லை. குறைவாக உருண்டதா, தாண்டிப் போனதா, இடமா வலமா என்பது இரண்டு நொடியில் கண்முன் தெரிந்துவிடும்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67. ஆக, இரண்டரைப் பந்து அகலத்துக்குக் குழி இருக்கிறது. பார்க்கச் சின்னது, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பெரியது. அங்கிருந்தே தொடங்குங்கள். குழியைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்தில் நாலைந்து பந்துகளை வட்டமாக வைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லாம் உள்ளே போனால் அரை அடி பின்னால் போங்கள். திசை தவறுகிறது என்றால் பட்டரின் தலை நுழையும் அளவுக்கு பந்தை வைத்து அடிக்கும் சின்னக் குச்சிகளான டீக்களில் இரண்டைத் தரையில் குத்தி, அதன் நடுவே அடித்துப் பழகுங்கள்.

அப்புறம் தூரம். புதியவர்கள் மூன்று பட் போடுவது பெரும்பாலும் திசை தவறி அல்ல, தூரம் தவறி. எட்டுப் பத்து மீட்டரிலிருந்து குழியை மறந்துவிட்டு, பந்து குழிக்குப் பக்கத்தில் ஓரடிக்குள் நிற்க வேண்டும் என்று மட்டும் அடியுங்கள். மேட்டில் ஏறும் பட், பள்ளத்தில் இறங்கும் பட் இரண்டையும் மாற்றி மாற்றி. இதற்கு எந்த கோச்சும் தேவையில்லை. எத்தனை அடித்தாலும் பந்துக்குக் காசு கேட்கமாட்டார்கள்.

க்ரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) ஓரத்திலிருந்து சின்னதாகச் சிப் செய்வதையும் தனியாகப் பழகலாம். ஒரே ஒரு நிபந்தனை: பட்டிங் போலவே அடியுங்கள். பிட்சிங் வெட்ஜ் (முகம் அதிகம் சாய்ந்த கிளப்), பாதங்கள் நெருக்கமாக, எடை முன்காலில், மணிக்கட்டை உடைக்காமல். பந்து சின்னதாக எழும்பி மீதி தூரம் உருள வேண்டும். அதைத் தொலைக்காட்சியில் வருவதுபோல் உயரமாக எழுப்பப் பார்த்தால் கிளப் தரையில் குத்தும், அல்லது பந்து க்ரீனைத் தாண்டி அடுத்த பக்கம் போய் நிற்கும்.

இரண்டாம் படி: எதையும் வாங்காதீர்கள்

விதிப்படி பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம். முதல் சில மாதங்களுக்கு ஒரு பட்டர், ஒரு செவன் அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்), ஒரு வெட்ஜ் போதும். ரேஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும், தெரிந்தவர் வீட்டில் தூசி படிந்து கிடக்கும். புது டிரைவர் ஒன்றின் விலையில் ஒரு முழு கோச்சிங் தொகுப்பையே முடித்துவிடலாம். அந்தக் காசுக்கு எது அதிகம் உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையுறை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்.

இடது கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் வாடகை கிளப்கள் அநேகமாக எல்லாமே வலது கைக்கானவை. இடது கையில் எழுதினாலும் வலப்பக்கம் பேட் செய்பவர்கள் இருக்கிறார்கள், நேர்மாறானவர்களும் உண்டு. கிடைத்த கிளப்புக்கு ஏற்ப நின்று பழகிவிட்டு ஒரு வருஷம் கழித்துப் பக்கம் மாறுவது பெரிய தொல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்பதை முதல் பாடத்தில் கோச்சுடன் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: சரியான கோச்சைப் பிடிப்பது

தமிழ்நாட்டில் மைதானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: சென்னையில் நந்தனம் காஸ்மோபாலிட்டன், கோயம்புத்தூர், ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் என்று. பெரும்பாலானவை உறுப்பினர்களுக்கானவை. ரேஞ்சும் கோச்சிங்கும் மட்டும் வெளியாட்களுக்கு உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தியன் கோல்ஃப் யூனியனின் கீழ் நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா கோச்சுகளுக்குப் பயிற்சியும் சான்றும் தருகிறது. சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் சான்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அவர் இன்னொருவருக்குச் சொல்லித்தருவதை ஒருமுறை ஓரமாக நின்று பாருங்கள். நல்ல கோச் முதலில் உங்களிடம் கேள்வி கேட்பார்: முதுகுவலி உண்டா, தோளில் பழைய அடி உண்டா, வாரத்துக்கு எத்தனை நாள் வர முடியும், வேறு என்ன விளையாட்டு ஆடியிருக்கிறீர்கள். பிறகு நாலைந்து பந்து அடிக்கச் சொல்லிப் பேசாமல் பார்ப்பார். பாடம் முடியும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கையில் கொடுத்து, அடுத்த முறை வருவதற்குள் அதை எப்படிப் பழகுவது என்று சொல்லி அனுப்புவார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புதுத் திருத்தம் சொல்பவர், பாதி நேரம் தானே அடித்துக் காட்டுபவர், போனைப் பார்த்தபடி "குட் ஷாட்" என்பவர் எல்லோரையும் தவிர்த்துவிடலாம்.

குழுவாக நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வகுப்பு மலிவு. முதல் ஓரிரண்டு பாடங்களுக்கு அது தாராளமாகப் போதும். மற்றவர் தப்பைத் திருத்துவதைப் பார்ப்பதும் ஒரு பாடம். நன்றாக ஆடும் நண்பரோ, வாழ்க்கைத் துணையோ கோச் ஆக முன்வந்தால் மட்டும் கவனம். ஆடத் தெரிவது வேறு, ஆடுவதைப் பார்த்துக் காரணம் சொல்லத் தெரிவது வேறு. கணவன் மனைவி விஷயத்தில் இதற்குமேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நான்காம் படி: முதல் நாலைந்து பாடங்களில் என்ன வாங்க வேண்டும்

ஸ்விங் அல்ல. பந்தை அடிக்கும் முன்னால் நடப்பவை: பிடி, நிற்கும் விதம், குறி. இவற்றைக் கோச் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தூரத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

பிடியில் மூன்று வகை உண்டு: வலது சுண்டுவிரலை இடது கைமேல் படிய வைப்பது, இரண்டு கை விரல்களையும் கோர்ப்பது, பத்து விரலையும் தனித்தனியாக வைப்பது. முதலாவதற்குப் பழைய சாம்பியன் ஹாரி வார்டனின் பெயரே நிலைத்துவிட்டது. டைகர் உட்ஸும் ஜாக் நிக்லாஸும் கோர்த்துப் பிடிப்பவர்கள். எதுவானாலும் சரி. அதைவிட முக்கியம், வலது கைக்காரரின் இடது உள்ளங்கையில் கிளப் எங்கே கிடக்கிறது என்பது. சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுவரை, விரல்களுக்குள் கிடக்க வேண்டும். உள்ளங்கையின் குறுக்கே அல்ல. கீழே பார்த்தால் இடது கையின் விரல் முட்டிகளில் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் அடிபடும்போது முகம் திறந்தே வரும். மேலே சொன்ன ஸ்லைஸின் பிறப்பிடம் பல நேரம் இதுதான். கிரிக்கெட் ஆடிய கைகள் பேட்டைப் பிடிப்பதுபோலவே கிளப்பையும் பிடிக்கும். சரியான பிடி அவர்களுக்கு முதல் வாரம் முழுக்க அந்நியமாக இருக்கும். அந்நியமாக இருப்பதால் தவறு என்று பொருளல்ல. இந்த ஒரு வாக்கியத்தை நம்ப வைக்கத்தான் கோச் அருகில் இருக்க வேண்டியிருக்கிறது. தனியாக இருப்பவர் மூன்றாவது பந்திலேயே பழைய பிடிக்குத் திரும்பிவிடுவார்.

குறி விஷயத்திலும் கண்ணை நம்ப முடியாது. ஒரு கிளப்பைத் தரையில் பாத விரல்களுக்கு முன்னால் கிடத்திவிட்டுப் பின்னால் போய் நின்று பாருங்கள். இலக்கை நோக்கித்தான் நிற்கிறோம் என்று நினைத்தது எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். பாதங்களின் கோடு இலக்குக்கே நேராக இருக்கக் கூடாது. பந்தும் இலக்கும் சேரும் கோட்டுக்கு இணையாக, சற்று இடப்பக்கம் ஓட வேண்டும்.

இவற்றோடு அரை ஸ்விங்கில் பந்தை நடுமுகத்தில் தொடுவது வந்துவிட்டால் முதல் கட்டம் முடிந்தது. முதல் இரண்டு பாடங்களை ஒரு வார இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. தினமும் பாடம் எடுப்பதில் லாபமில்லை. சொன்னது உடம்பில் இறங்கத் தனி நேரம் வேண்டும்.

ஐந்தாம் படி: தனிப் பயிற்சி

ரேஞ்சில் மிகச் சாதாரணமாகக் காணும் காட்சி: நூறு பந்துள்ள பக்கெட், கையில் டிரைவர், இருபது நிமிடத்தில் காலி. வேர்வை மட்டும்தான் மிச்சம். கூடவே கீழ்முதுகு வலி, முழங்கையின் உள்பக்க வலி, கையில் கொப்புளம்.

நாற்பது ஐம்பது பந்து போதும். முதலில் பந்தே இல்லாமல் மெதுவாகப் பத்து அரை ஸ்விங். அப்புறம் பதினைந்து பந்து, கோச் சொன்ன அந்த ஒரே விஷயத்துக்கு. பந்து எங்கே போனால் என்ன என்று விட்டுவிட வேண்டும். இது கஷ்டம், ஆனால் வேறு வழியில்லை. மீதிப் பந்துகளை மைதானத்தில் ஆடுவதுபோல் அடியுங்கள். ஒரு பந்து செவன் அயர்னில் தூரத்துக் கொடிக்கு, அடுத்தது வெட்ஜில் பக்கத்துக் கொடிக்கு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று குறி பார்த்து, பிடியை எடுத்து, புதிதாக நிற்க வேண்டும். ஒரே ஷாட்டை வரிசையாக அடித்தால் அந்த நேரத்துக்கு நன்றாக வருவதுபோல் இருக்கும். மாற்றி மாற்றி அடித்தால் அப்போது சொதப்பும், ஆனால் நினைவில் நிற்கும். 1979-ல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் கை அசைவுகளை வைத்துச் செய்த சோதனையிலேயே இது தெரிந்தது.

மனதில் எதை வைத்துக்கொண்டு அடிப்பது என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது, இது கோல்ஃபிலேயே நடந்தது. 1999-ல் கபிரியேலே வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் கோல்ஃப் ஆடியே பழக்கமில்லாதவர்களுக்குப் பிட்ச் ஷாட் (பந்தை எழுப்பிக் குறுகிய தூரத்துக்கு அடிப்பது) கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவைக் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவைக் கிளப் தலையின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். பயிற்சியின்போதும், பிறகு வைத்த சோதனையிலும் கிளப்பைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள். ஆகவே தனியாக இருக்கும்போது முழங்கை எங்கே, இடுப்பு எங்கே என்று உடம்புக்குள் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கிளப் தலை எங்கே போகிறது, புல்லை எங்கே தொடுகிறது என்று பாருங்கள்.

புல்லை எங்கே தொடுகிறது என்பதை ரேஞ்சின் செயற்கைப் பாய் மறைத்துவிடும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் பாயில் வழுக்கி வந்து பந்தைத் தட்டிவிடும். ஷாட் நன்றாகவே பறக்கும். அதே அடியை மண்ணில் அடித்தால் கிளப் புதைந்து பந்து நாலடி தள்ளி விழும். இதற்கு மலிவான வைத்தியம் மணல். மணலில் நேராக ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்கு மேலே பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு நின்று, பந்தில்லாமல் ஸ்விங் செய்யுங்கள். மணலில் விழும் தழும்பு கோட்டிலோ அதைத் தாண்டி இலக்குப் பக்கமோ தொடங்கினால் சரி. பின்னால் தொடங்கினால் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது. பத்து முறை செய்து பத்துத் தழும்பையும் வரிசையாகப் பாருங்கள். ரேஞ்சில் மணல் இல்லையென்றால் பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளித் துண்டை விரித்துவிட்டு அடியுங்கள். துண்டு பறந்தால் விஷயம் புரிந்துவிடும்.

கையுறையும் பேசும். அடிக்கடி உள்ளங்கையின் குதிப் பகுதியில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, தேய்ந்து ஓட்டை விழுகிறதா? கிளப் அங்கே வழுக்கிக்கொண்டிருக்கிறது; பிடி விரல்களிலிருந்து உள்ளங்கைக்கு ஏறிவிட்டது. கொப்புளம் அதே இடத்தில் வந்தாலும் அதே பொருள்.

போனில் வீடியோ எடுப்பது நல்லது, எடுக்கும் இடம் சரியாக இருந்தால். பின்னாலிருந்து எடுத்தால் போன் கைகளின் உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாக நேரே பார்க்க வேண்டும். எதிரிலிருந்து எடுத்தால் மார்பு உயரத்தில், நேர் குறுக்காக. அரையடி தள்ளி வைத்தாலும் பாதை வேறுமாதிரி தெரிந்து, இல்லாத நோய்க்கு மருந்து தேட ஆரம்பித்துவிடுவீர்கள். எடுத்த வீடியோவில் கோச் சொன்ன ஒன்றை மட்டும் பாருங்கள். உலகச் சாம்பியனுடன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு மனம் நொந்து ஒரு பயனும் இல்லை.

யூடியூப்? பாடங்கள் பலவும் நல்லவை. அவை உங்களுக்காக எடுக்கப்பட்டவை அல்ல என்பதுதான் சிக்கல். ஹூக் (ஸ்லைஸுக்கு நேர்மாறாக, பந்து இடப்பக்கம் வளைவது) அடிப்பவருக்காக "இடது கையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள்" என்று ஒருவர் சொல்கிறார். ஸ்லைஸ் அடிப்பவர் அதைப் பார்த்துச் செய்தால் பந்து அடுத்த குழியின் ஆட்டப் பாதைக்கே போகும். என்ன கோளாறு என்று கோச் பெயர் சொன்ன பிறகு, அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். அப்போது வீடியோ உதவும்.

ஆறாம் படி: மைதானத்தில் இறங்குவது

ரேஞ்சிலேயே வருஷக்கணக்கில் இருந்துவிடுபவர்கள் உண்டு. தேவையில்லை. அரை ஸ்விங்கில் பந்து ஓரளவு எழும்பத் தொடங்கியதும், கூட்டமில்லாத நேரத்தில், ஒன்பது குழிகளுக்கு, ஆடத் தெரிந்த ஒருவருடன் போங்கள். கோச்சே ஒருமுறை மைதானத்தில் கூட வந்தால் அதுதான் நீங்கள் எடுக்கும் பாடங்களிலேயே அதிகம் பயன்தருவது. எங்கே நிற்பது, யார் முதலில் அடிப்பது, பங்கர் என்னும் மணல் பள்ளத்தை எப்போது சமன்செய்வது என்பதெல்லாம் ரேஞ்சில் வராது.

ஸ்கோர் எழுத வேண்டாம். க்ரீனுக்கு நூற்றைம்பது மீட்டர் என்று காட்டும் கம்பத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பந்து தொலைந்தால் விதிப்படி தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். 2019-க்கு முன்பு ஐந்தாக இருந்தது. பின்னால் ஒரு குழு காத்திருந்தால் அந்த மூன்றையும் செலவழிக்காமல் புதுப் பந்தைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். மெதுவாக ஆடுபவரைத்தான் மற்றவர்கள் வெறுப்பார்கள். மோசமாக ஆடுபவரை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

ஊட்டியும் கொடைக்கானலும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான், முதல் ஆட்டத்துக்கு வேண்டாம். பந்து பாதத்தைவிட மேலே இருக்கும் சரிவிலும் கீழே இருக்கும் சரிவிலும் நின்று அடிப்பது தனிப் பாடம். சமதளத்தில் கொஞ்சம் ஆடிவிட்டுப் போனால் அந்த மலையை ரசிக்க முடியும்.

கோச்சுக்கு வழியே இல்லை என்றால்

ஊரில் கோச் இல்லை, காசு இல்லை, நேரம் ஒத்துவரவில்லை என்று நிஜமான தடைகள் இருக்கலாம். அப்படியானால் ஒரே ஒரு பாடமாவது எடுங்கள். விடுமுறைக்குச் சென்னையோ பெங்களூரோ போகும்போது எடுத்தாலும் போதும். அந்த ஒன்றில் பிடி, நிற்கும் விதம், குறி மூன்றையும் மட்டும் கேட்டு, சரியாக இருக்கும்போது உங்கள் போனிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையின் படம் கிட்டத்திலிருந்து, நிற்பது இரண்டு பக்கத்திலிருந்தும். பிறகு ஒவ்வொரு முறை பழகும் முன்பும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு தொடங்குங்கள். வீடியோ அனுப்பினால் பார்த்துச் சொல்லும் கோச்சுகளும் இருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் கேடிகளின் வழி: நன்றாக ஆடுபவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, பேசாமல், நிறையப் பாருங்கள்.

ஏழாம் படி: எப்போது திரும்பிப் போவது

முதல் கட்டம் முடிந்த பிறகு மாதம் ஒன்று, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரே தப்பு தொடர்ந்து மூன்று பயிற்சிகளில் வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள். எங்காவது வலித்தாலும் அப்படியே. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதும் ஒருமுறை போய்க் காட்டுவது நல்லது. நன்றாக இருக்கும்போது பிடி எப்படி இருந்தது என்பதற்கு அவரிடம் ஒரு வீடியோ இருக்கும், பின்னால் கெடும்போது ஒப்பிட உதவும்.

கோச்சை மாற்ற வேண்டிய நேரமும் வரலாம். ஐந்தாறு பாடம் ஆகியும் உங்கள் கோளாறு என்ன, அது ஏன் வருகிறது என்பதை உங்கள் வாயால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். தப்பு யார் பக்கம் என்று ஆராய வேண்டாம்.

டிரைவரை இந்தக் கட்டத்தில் எடுக்கலாம், முதல் முறை கோச் முன்னால். சொந்த செட் வாங்குவதையும் அவரிடமே அப்போது பேசுங்கள். உங்கள் உயரம், கையின் நீளம், ஸ்விங் வேகம் மூன்றும் அதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும்; ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) எவ்வளவு வளைய வேண்டும், நீளம் எவ்வளவு என்று அவர் எழுதிக் கொடுப்பதைக் கடைக்கு எடுத்துப் போங்கள். பழைய செட்டாக இருந்தால் கிரிப்பைப் புதிதாக மாற்றச் சொல்லி வாங்குங்கள்.